கயிறு மாறிய பிறகு

"மாப்ள, உள்ள விட்டுட்டாய்ங்க. ஆனா அரை மணி நேரந்தானாம்."

2022 பிப்ரவரியில் ஒரு காலை. மதுரைக்கு வெளியே ரிங் ரோட்டை ஒட்டிய ஒரு யார்டிலிருந்து மாமா பேசினார். நான் பெங்களூரில் லேப்டாப் முன்னால். தவணை கட்டாததால் எடுத்து வரப்பட்ட வண்டிகள் வரிசையாக நிற்கும் இடம் அது. இரண்டு நாள் கழித்து ஆன்லைனில் ஏலம். அதற்கு முன்னால் யார் வேண்டுமானாலும் வந்து பார்த்துக்கொள்ளலாம். பார்க்கலாம், அவ்வளவுதான். ஸ்டார்ட் பண்ணிக் காட்டுவார்கள், ஆனால் ஓட்டிப் பார்க்க முடியாது. ஜாக்கி வைத்துத் தூக்க முடியாது. மெக்கானிக்கைக் கூட்டிப் போனால் கேட்டிலேயே ஒரு பார்வை பார்ப்பார்கள்.

மாமாவுக்குத் திருப்புல்லாணி. இருபது வருஷமாக அடுத்தவர் வேனை ஓட்டுகிறார். தேவிபட்டினத்தில் நவபாஷாணம், உத்தரகோசமங்கை, திருப்புல்லாணி, சேதுக்கரை, ராமேஸ்வரம். வெளியூர் ஆட்களை இந்த வட்டத்தில் சுற்றிக் காட்டிவிட்டு இரவு வண்டியை முதலாளி வீட்டில் விட்டுவிட்டு நடந்து வருவார். சொந்தமாக ஒரு பன்னிரண்டு சீட் வேன் வேண்டும் என்பது அத்தையின் நகை சம்பந்தப்பட்ட ஒரு முடிவு. அதனால் நானும் விளையாட்டாக இருக்க முடியவில்லை. கூகுள் ஷீட்டில் 31 வரியில் ஒரு செக்லிஸ்ட் போட்டுக் கொடுத்திருந்தேன். எஞ்சினியரிங் படித்தவனிடம் ஒரு காரியத்தை ஒப்படைத்தால் முதலில் ஷீட்தான் வரும்.

ஸ்டார்ட் பண்ணச் சொல்வதற்கு முன்னால் பானெட்டில் கை வைத்துப் பாருங்கள், சூடாக இருந்தால் நமக்காக ஏற்கெனவே ஓடவிட்டிருக்கிறார்கள். டயரில் நான்கு இலக்கம் இருக்கும், முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருஷம். ஒரு சின்னக் காந்தம் கொண்டு போங்கள், பட்டி பார்த்த இடத்தில் ஒட்டாது. கதவு ரப்பரை உரித்து ஸ்பாட் வெல்டிங் புள்ளிகள் சீராக இருக்கிறதா பாருங்கள். ஆயில் மூடியைத் திறந்து பேக் கம்ப்ரஷன் அடிக்குதா பாருங்கள். கிலோமீட்டரை நம்பாதீர்கள், க்ளட்ச் பெடல் ரப்பரை நம்புங்கள். சீட் பெல்ட்டை முழுசாக வெளியே இழுங்கள்.

கடைசி வரி சென்னைக்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. 2015 டிசம்பர் வெள்ளத்தில் மூழ்கிய கார்களை, ரிப்பேர் செலவு கட்டுப்படியாகாது என்று இன்சூரன்ஸ் கம்பெனிகள் ஏலத்தில் தள்ளிவிட்டன. வாங்கியவர்கள் கழுவிக் காயவைத்து வெளியூர்களில் விற்றார்கள். சீட்டை மாற்றலாம், கார்ப்பெட்டை மாற்றலாம், சென்ட் அடிக்கலாம். ஆனால் உள்ளே சுருண்டிருக்கும் பெல்ட்டின் கடைசி ஓரடியில் தண்ணீர் நின்ற கோடு வண்டலோடு அப்படியே இருக்கும். அதைக் கழுவ யாருக்கும் தோன்றுவதில்லை.

மாமா பெல்ட்டை இழுத்தார். சுத்தமாக இருந்தது. ஸ்டார்ட் செய்தபோது வந்த புகையையும் வீடியோ எடுத்து அனுப்பினார். மொத்தம் 43 போட்டோ. அதில் ஒன்று என் ஷீட்டில் எந்த வரியிலும் சேராதது. டேஷ்போர்டுக்குக் கீழே இருந்த டப்பாவில் ஒரு கோடு போட்ட நோட்டு. அதைப் பிறகு சொல்கிறேன்.

அன்று இரவு ஏல விதிமுறைகளைப் படித்தேன். பேப்பரில் வரும் வங்கி ஏல அறிவிப்புகளைப் பார்த்திருப்பீர்கள்: வண்டி எங்கே இருக்கிறதோ அங்கேயே, எப்படி இருக்கிறதோ அப்படியே. பின்னால் ஒன்றும் கேட்கக்கூடாது. இந்த வாசகம் வெள்ளைக்காரன் கொண்டு வந்தது என்றுதான் நினைத்திருந்தேன். பிறகுதான் உறைத்தது, மாமா தினமும் ஆள் இறக்கிவிடும் உத்தரகோசமங்கையில் பாடிய மாணிக்கவாசகர் கதையே இந்த ஷரத்தின் மேல்தான் நிற்கிறது.

வாதவூரரைப் பாண்டியன் குதிரை வாங்க அனுப்புகிறான். பணம் திருப்பெருந்துறையில் கோயிலுக்குப் போய்விடுகிறது. நரிகளைப் பரிகளாக்கிக்கொண்டு சிவனே குதிரைச் சேவகனாக மதுரைக்கு வருகிறார். சின்ன வயதில் கேட்டபோது நரி குதிரையானதுதான் பெரிசாகத் தெரிந்தது. இப்போது வேறொன்று கண்ணில் படுகிறது. குதிரைகளைக் காட்டி, நடத்திக் காட்டி, அரசனுக்குத் திருப்தியான பிறகு 'கயிறு மாறுதல்' நடக்கிறது. விற்றவன் கையிலிருந்து வாங்கியவன் கைக்குக் கயிறு போய்விட்டால் அதற்குமேல் நன்மை தீமை எல்லாம் வாங்கியவன் பாடு. அன்றிரவே குதிரைகள் நரிகளாகி லாயத்தைப் பிய்த்துக்கொண்டு ஓடுகின்றன. சட்டப்படி குதிரைச் சேவகன்மேல் கேஸே நிற்காது. அதனால்தான் அரசன் கோபமெல்லாம் இடையில் நின்ற வாதவூரர் தலையில் விடிகிறது. மாட்டுச் சந்தையில் இன்றைக்கும் மாடு விற்பவர் தன் கயிற்றை அவிழ்த்துக்கொள்வார், வாங்குபவர் புதுக் கயிறு போடுவார். துண்டுக்குள் விரல் பிடித்து விலை பேசி, பல்லைப் பிடித்துப் பார்த்து, சுழி பார்த்து, எல்லாம் கயிறு மாறும் வரைக்கும்தான்.

கதை இருக்கட்டும். நிஜப் பாண்டியர்கள் குதிரை வாங்கிய லட்சணம் கதையைவிட மோசம். 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் இந்தக் கரைக்கு வந்த மார்க்கோ போலோ, அரசன் வருஷத்துக்கு ஆயிரக்கணக்கில் குதிரை வாங்குகிறான், வருஷக் கடைசியில் நூறுகூட உயிரோடு இருப்பதில்லை என்கிறார். லாடம் அடிக்க, வைத்தியம் பார்க்க ஆள் இல்லை. விற்க வருகிறவர்கள் அப்படிப்பட்ட ஆட்களைக் கூட்டி வருவதுமில்லை, வரவிடுவதுமில்லை. குதிரை செத்தால்தானே அடுத்த வருஷம் வியாபாரம். சர்வீஸ் சென்டரே இல்லாத ஊரில் கார் விற்கிற மாதிரி.

பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் கணக்கே கொடுக்கிறார். கீஷ் தீவின் ஜமாலுதீன் வருஷத்துக்கு 1,400 குதிரை அனுப்ப வேண்டும், ஒன்று 220 பொன் தினார். பெருக்கினால் 3,08,000 தினார். இதில் முக்கியமான ஷரத்து, கடலில் செத்துப்போகும் குதிரைக்கும் பாண்டியன் கஜானா பணம் கொடுத்துவிடும். பார்த்து வாங்குவது போகட்டும், வந்து சேராததற்கே விலை. ஏன் இப்படி? வஸ்ஸாஃபே இன்னொரு தகவல் தருகிறார். சுந்தர பாண்டியனின் அமைச்சராக இருந்து இந்தக் கரையின் துறைமுகங்களைக் கவனித்தவர் தகியுதீன். ஜமாலுதீனின் சகோதரர். விற்பவர் அண்ணன் தம்பியில் ஒருவர், வாங்கும் இடத்தில் நின்று பார்ப்பவர் இன்னொருவர்.

அந்தத் துறைமுகங்களில் 'பத்தன்' என்று அரபு எழுத்தில் வருவது பெரியபட்டினம்தான் என்று சொல்லும் ஆய்வாளர்கள் உண்டு. திருப்புல்லாணியிலிருந்து பஸ்ஸில் போகும் தூரம். 1980களில் அங்கே தோண்டியபோது சீனப் பீங்கான் துண்டுகள் நிறையக் கிடைத்தன. மாமாவின் கூட்டாளி ஒருவர் வீடு அங்கேதான். சின்ன வயதில் பிரியாணிக்காகப் போயிருக்கிறேன், இதெல்லாம் தெரியாமல்.

ஆனால் குதிரை வியாபாரத்தில் ஏலம் கிடையாது. பார்த்துவிட்டு விலை கேட்பது ஒரு கலையாகவும் சூதாட்டமாகவும் ஆனது இதே கடலின் இன்னொரு சரக்கில். முத்து.

முத்தை ஏலம் விட்டார்கள் என்றால் தப்பாகப் புரிந்துகொள்வோம். ஏலம் விட்டது சிப்பியை. வாய் மூடிய சிப்பி, ஆயிரம் ஆயிரமாக. மன்னார் வளைகுடாவின் பார்களில், தூத்துக்குடிப் பக்கமும் இலங்கைப் பக்கமும், பிரிட்டிஷ் காலத்தில் சலாபம் நடந்த முறை பெரும்பாலும் ஒன்றுதான். முதலில் அரசாங்கம் பாரைப் பரிசோதிக்கும். குளியாட்களை இறக்கிச் சில ஆயிரம் சிப்பி எடுப்பார்கள். அதை அழுகவிட்டு, கழுவி, கிடைத்த முத்தை வியாபாரிகளை வைத்து மதிப்பிடுவார்கள். அந்த மதிப்பீட்டில்தான் பித்தளைச் சல்லடைகள் வரும். பத்து சல்லடை, ஒவ்வொன்றுக்கும் ஓட்டைக் கணக்கு, இருபது முதல் ஆயிரம் வரை. எதில் தங்குகிறதோ அதை வைத்து அளவு, பிறகு உருட்சியும் ஒளியும் பார்த்து ஆணி முதல் தூள் வரை தரம். ஆயிரம் சிப்பிக்கு இத்தனை ரூபாய் பெறும் என்று கணக்கு வெளியிடப்படும். இது போதும் என்று தோன்றினால்தான் சலாபம்.

பிறகு மரிச்சிக்கட்டியிலோ சிலாவத்துறையிலோ வெறும் மணலில் ஓலையும் கம்பும் வைத்து ஒரு ஊர் முளைக்கும். கீழக்கரை, தூத்துக்குடி, பாரசீக வளைகுடா எல்லாப் பக்கமிருந்தும் குளியாட்கள். வாங்குவதற்குச் செட்டியார்கள், மரைக்காயர்கள், பம்பாய்க்காரர்கள். படகுகள் மதியத்துக்கு மேல் கரை வரும். சிப்பியைக் கொட்டில் இறக்கி மூன்று பங்காக்குவார்கள். இரண்டு பங்கு அரசாங்கத்துக்கு, ஒன்று குளித்தவர்களுக்கு. அந்தியில் அரசாங்கப் பங்கு ஏலம். எடுத்தவர் அதைக் கொண்டுபோய் ஒரு வாரத்துக்கு மேல் அழுகவிடுவார். ஈயும் புழுவும் நாற்றமும் சேர்ந்து அந்த ஊர் எப்படி இருந்திருக்கும் என்று எழுதாத வெள்ளைக்காரன் இல்லை. அழுகிய பிறகுதான் கழுவி அரித்து எடுத்து, தான் வாங்கியது என்ன என்று தெரிந்துகொள்வார்.

அரசாங்கம் காட்டியது மாதிரியை. விற்றது மொத்தத்தை. இரண்டுக்கும் நடுவில் இருந்த இடைவெளியை நிரப்ப ஒரு குட்டிச் சந்தை தானாக முளைத்தது. குளியாட்கள் தங்கள் பங்கைக் கொட்டுக்கு வெளியிலேயே டஜன் கணக்கில், சில அணாவுக்கு விற்பார்கள். வாங்குகிறவர்கள் அங்கேயே கத்தியை விட்டுத் திறப்பார்கள். யாருக்கோ நல்ல முத்து ஒன்று வந்தால் செய்தி பரவும், அந்தியில் ஏல விலை ஏறும். சில டஜன் சிப்பியை வைத்துப் பல லட்சம் சிப்பிக்கு விலை. ஸ்டாட்டிஸ்டிக்ஸ் படித்தவர்கள் சிரிக்கலாம். ஆனால் போன வாரம் நீங்கள் ரெண்டு ஸ்டார் ரிவ்யூவை வைத்து எதை வாங்காமல் விட்டீர்கள் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

இதில் உண்மையாகவே விஷயம் தெரிந்தவன் குளித்தவன். எந்தப் பாரில் சிப்பி முற்றியிருக்கிறது, எந்தப் பக்கம் மணல் மூடிவிட்டது என்பது அவன் கண்ணால் கண்டது. வரும் வழியிலேயே படகில் நாலைத் திறந்து பார்த்து, கிடைத்ததை விழுங்குவதும் நடந்தது, அதைப் பிடிக்கக் காவலும் இருந்தது. அந்தி ஏலத்தில் விலை கேட்கும் வசதி மட்டும் அவனுக்கு இல்லை.

1905 சலாபம்தான் உச்சம். இலங்கைப் பக்கத்தில் மட்டும் எட்டு கோடிக்கு மேல் சிப்பி. அரசாங்கத்துக்கு வந்தது சுமார் 25 லட்சம் ரூபாய். வகுத்துப் பார்த்தால் அரசு விற்ற ஆயிரம் சிப்பிக்கு ஐம்பது ரூபாய்க்குச் சற்றுக் குறைவு. இதைப் பார்த்த லண்டன் மூலதனம், இனி சிப்பியை எதற்கு வாங்குவது, கடலையே எடுத்துவிடுவோம் என்று இறங்கியது. 1906இல் ஒரு கம்பெனி பார்களையே 20 வருஷக் குத்தகைக்கு எடுத்தது, வருஷத்துக்கு 3,10,000 ரூபாய். குருட்டாம்போக்கில் எடுத்ததாகச் சொல்ல முடியாது. 1902இலேயே ஹெர்ட்மன் என்ற விலங்கியல் பேராசிரியரும் அவருடைய உதவியாளர் ஜேம்ஸ் ஹார்னெலும் வந்து பார்களை ஆராய்ந்திருந்தார்கள். ஐந்து பாகம் அறிக்கை, சிப்பியின் புழு முதல் கடலின் அடித்தரை வரை. உலகத்தில் எந்த ஏலச் சரக்குக்கும் அவ்வளவு பெரிய இன்ஸ்பெக்‌ஷன் ரிப்போர்ட் அதற்குமுன் இருந்திருக்குமா என்பது சந்தேகம். 1906இலும் 1907இலும் சிப்பி வந்தது. அதோடு சரி. பார்கள் காலியாகின, குத்தகைப் பணம் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது, கடைசியில் கம்பெனியைக் கலைத்தார்கள். இலங்கையில் அடுத்த சலாபத்துக்கு 1925 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

அறிக்கை பொய் இல்லை. பார்த்த அன்று இருந்ததைத்தான் சொன்னது. யார்டில் நிற்கும் வண்டியும் அப்படித்தான்.

இந்த நோய்க்கு மிகப் பின்னால்தான் பெயர் வந்தது. மெக்சிகோ வளைகுடாவில் எண்ணெய்க் குத்தகை ஏலம் எடுத்த கம்பெனிகள் ஏன் எதிர்பார்த்த லாபம் பார்க்கவில்லை என்று 1971இல் கேப்பன், க்ளாப், கேம்ப்பெல் என்ற மூன்று எஞ்சினியர்கள் ஒரு கட்டுரை எழுதினார்கள். ஒரே குவியலைப் பத்துப் பேர் மதிப்பிட்டால் சராசரி சரியாகவே இருக்கலாம். ஆனால் ஏலத்தில் ஜெயிப்பது சராசரி ஆள் இல்லை, அதிகமாக மதிப்பிட்டவன். அதாவது தப்புக் கணக்கை மேல்பக்கமாகப் போட்டவன். ஜெயித்தவன் சாபம். அதற்கு ஒரு வருஷம் முன்னால் ஜார்ஜ் அகெர்லாஃப் பழைய கார்களை வைத்தே எழுதினார்: விற்பவனுக்குத் தெரியும், வாங்குபவனுக்குத் தெரியாது, அதனால் வாங்குபவன் சராசரி விலைதான் தருவான், நல்ல வண்டி வைத்திருப்பவன் அந்த விலைக்கு விற்க மாட்டான், கடைசியில் சந்தையில் ஓட்டை வண்டிதான் மிஞ்சும். மூன்று பத்திரிகைகள் திருப்பி அனுப்பிய கட்டுரை, 2001இல் நோபல் வாங்கிக் கொடுத்தது.

அகெர்லாஃபின் கணக்கில் வங்கி ஏலத்துக்கு இடம் இல்லை என்பது எனக்குக் கொஞ்சம் லேட்டாகத்தான் புரிந்தது. இங்கே விற்பவனுக்கும் தெரியாது. வங்கி அந்த வண்டியில் ஒரு நாளும் உட்காரவில்லை. தெரிந்த ஒரே ஆள் தவணை கட்ட முடியாமல் சாவியைக் கொடுத்தவர், அவர் ஏலத்திலேயே இல்லை.

ஜப்பான் ஏலங்களில் இதற்கு ஒரு ஏற்பாடு உண்டு. யாழ்ப்பாணத்திலோ கொழும்பிலோ ஜப்பான் வண்டி இறக்கியவர்களிடம் கேட்டால் சொல்வார்கள். ஏலக் கூடத்தின் பரிசோதகர் எழுதிய ஒரு தாள் வரும். நான்கரை, நான்கு என்று மார்க், கோட்டோவியத்தில் கீறலுக்கு ஏ, நெளிசலுக்கு யூ, பட்டி பார்த்ததற்கு டபிள்யூ. அந்த ஒற்றைத் தாளை நம்பிக் கடல் தாண்டிப் பணம் அனுப்புவார்கள். நம்மூரில் அந்தத் தாள் இல்லை. அதனால் நாமே பார்க்கிறோம். பார்ப்பதிலும் ஒரு பொறி இருக்கிறது. 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம் 16ஆவது பிரிவைப் படித்துப் பாருங்கள். சரக்கு விற்கத் தகுந்த தரத்தில் இருக்க வேண்டும் என்று வாங்குபவருக்குக் கொஞ்சம் பாதுகாப்பு உண்டு. ஆனால் அவர் சரக்கைப் பரிசோதித்திருந்தால், அந்தப் பரிசோதனையில் தெரிந்திருக்க வேண்டிய குறைக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. பார்க்காதவனைவிடப் பார்த்தவனுக்கு வாய் குறைவு. யார்டின் கேட்டில் மாமாவிடம் ஒரு ரெஜிஸ்டரில் கையெழுத்து வாங்கினார்கள். பார்த்தேன் என்று.

அந்த மாதமே ராமேஸ்வரத்தில் வேறொரு ஏலம்தான் பேச்சு. இலங்கைக் கடற்படை பிடித்துவைத்திருந்த தமிழ்நாட்டுப் படகுகள் 105ஐ பிப்ரவரி 7 முதல் 11 வரை காரைநகர், காங்கேசன்துறை, கிராஞ்சி, தலைமன்னார், கற்பிட்டியில் ஏலம் விடப்போவதாக அங்கே அறிவிப்பு வந்திருந்தது. கரையில் வெயிலிலும் மழையிலும் கிடந்த படகுகள். எந்தப் பலகை புதுசு, எஞ்சின் எந்த வருஷம் இறக்கியது என்று சொல்லக்கூடியவர்கள் இந்தப் பக்கம் தங்கச்சிமடத்திலும் பாம்பனிலும் உட்கார்ந்திருந்தார்கள். அந்த ஆட்களையும் மாமா சவாரி ஏற்றியிருக்கிறார். "நம்ம வண்டிய அடுத்தவன் தட்டிப் பாக்குறத நெனச்சா வவுத்தக் கலக்குது மாப்ள" என்றார் போனில். யார்டுக்குப் போய்வந்த மறுநாள். தானும் ஒருவர் வண்டியைத் தட்டிப் பார்த்துவிட்டு வந்தவர்தான் என்பது அவருக்கே தெரியும்.

அந்த நோட்டு. பழைய வண்டிக்காரர் எழுதிய டிரிப் கணக்கு. தேதி, ஊர், அட்வான்ஸ், டீசல். பக்கத்துக்குப் பக்கம் சிவப்பு மையில் ஆயில் மாற்றிய கிலோமீட்டர். ஒன்றுகூடத் தவறவில்லை. கடைசி டிரிப் 2020 மார்ச் மூன்றாவது வாரம். அதற்குப்பின் வெறும் கோடுகள். முதல் பக்கத்தில் ஒரு போன் நம்பர். "கூப்புட்டுக் கேட்டுப் பாக்கவா?" என்றார் மாமா. வேண்டாம் என்றேன். விதிமுறையில் தடை எதுவும் இல்லை. எனக்கே கூச்சம்.

ஆனால் அந்தச் சிவப்பு மை என் 31 வரியைவிடப் பெரிய சாட்சியாக இருந்தது. நான் போட்ட உச்சவரம்பைத் தாண்டி 15,000 போகச் சொன்னேன். மாமா இன்னும் 6,000 தாண்டிக் கேட்டார். வண்டி கிடைத்தது. ஜெயித்தவன் சாபம் என்று நான் முணுமுணுத்தது அவருக்குக் கேட்கவில்லை.

இரும்பில் ஒரு குறையும் இல்லை. பேர் மாற்றப் போன இடத்தில்தான் தெரிந்தது, மஞ்சள் போர்டு வண்டிக்குக் காலாண்டு வரி இருக்கிறது, நின்ற நாளெல்லாம் பாக்கி ஏறியிருக்கிறது, அபராதத்தோடு 48,000. வாங்கியவர் பொறுப்பு என்று விதிமுறையின் ஒரு மூலையில் இருந்தது. என் ஷீட்டில் 31 வரியும் வண்டியைப் பற்றியவை. காகிதத்தைப் பற்றி ஒரு வரி இல்லை. மாமா ஒன்றும் சொல்லவில்லை. அத்தைதான் இரண்டு மாதம் என்னிடம் பேசவில்லை. நான் பாதியைக் கட்டினேன்.

எல்லாம் முடிந்து சேதுக்கரைக்கு முதல் சவாரி போய்வந்த இரவில், மாமா என்னைக் கேட்காமல் அந்த நம்பருக்குப் போன் போட்டிருக்கிறார். எடுத்தவர் முதலில் ஒன்றும் பேசவில்லையாம். பிறகு, ரெண்டாவது கியர் கொஞ்சம் அழுத்திப் போடணும், பின் சீட்டுக்கு அடியில் ஸ்பேர் ஃபேன் பெல்ட் சுருட்டி வைத்திருக்கிறேன், எடுத்துக்கோங்க என்றாராம்.

அப்புறம் கேட்டாராம், "டாக்ஸ் கட்டாம கெடந்துச்சே, யாரும் சொல்லலையாண்ணே?"